ஒரே ஒரு பல்சக்கரம்

சைக்கிளுக்குக்கூடச் சரித்திரம் உண்டா என்று கேட்பவர்கள் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு நடை போய்வரலாம். முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியாரும் கூட்டுச் சேர்ந்து 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் ஸ்தாபனத்தை ஆரம்பித்து, அங்கே தொழிற்சாலை அமைத்தார்கள். காங்கிரஸ் மகாசபை ஆவடியில் கூடிய 1955-ம் வருஷத்தில், குழாய் செய்வதற்கென்று அதே ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் தோன்றியது. 1960-ல் செயினுக்கும் தனிக் கம்பெனி வந்துவிட்டது.

அங்கே உருவான வண்டிக்கு ஹெர்குலிஸ் என்று பெயர். கிரேக்கப் புராணத்துப் பலசாலியின் பெயர்தான். ஆனால் பலம் முழுவதையும் ஏறுகிறவர் கொண்டுவர வேண்டும்! ஏனென்றால் அதற்கு ஒரே கியர்.

நம் ஊர்க் கறுப்பு ரோட்ஸ்டரில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்பது வழக்கமான கணக்கு. 28 அங்குலச் சக்கரத்தில், பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறக்குறைய 18 அடி போகும். பின்னால் 22 பல் போட்டால் 14½ அடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். தூரம் குறையும், மிதிப்பது லேசாகும். மேட்டின் உயரத்தை எந்தப் பல்சக்கரமும் குறைத்துவிடாது. மூட்டையை ஒரே தூக்காகத் தூக்குவதா, இரண்டு நடையாகக் கொண்டுபோவதா என்கிற விவகாரம்தான் இது.

1870-களின் பெரிய சக்கரச் சைக்கிளில் இந்தத் தொல்லையே கிடையாது. பெடல் முன்சக்கரத்தோடு இணைந்திருந்ததால், காலின் நீளத்துக்கு ஏற்ற சக்கரம். சக்கரத்துக்கு ஏற்ற வேகம். 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் வண்டி பின்சக்கரத்தைச் செயினால் ஓட்டியது. அன்றுமுதல் எத்தனை பல் என்பது மனிதன் தீர்மானிக்க வேண்டிய காரியமாயிற்று.

தீர்மானிப்பதில் கௌரவமும் புகுந்துகொண்டது. பிரெஞ்சு நாட்டுச் சைக்கிள் பந்தயத்தை நடத்திய ஹென்றி தெக்ராஞ்சு, கியர் மாற்றும் சாதனம் 45 வயது தாண்டியவர்களுக்குத்தான் என்று 1902-ல் எழுதினார். (எனக்கு இன்னும் சில வருஷம் பாக்கி இருக்கிறது என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.) பந்தயக்காரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கத்துப் பெரிய பல்லுக்குத் திருப்பி மாட்டி ஏறினார்கள். 1937-ல்தான் கியர் மாற்றும் சாதனத்துக்கு அநுமதி கிடைத்தது.

1970-களில் கலிபோர்னியாவின் டமால்பைஸ் மலையில் இளைஞர்கள் பழைய ஒற்றைக் கியர் வண்டிகளில் சரிவில் பாய்ந்து விளையாடினார்கள். மலைச் சைக்கிள் அதிலிருந்து பிறந்தது. அதற்குப் பல கியர்கள் வந்த பிறகும் சிலர் ஒற்றைக் கியரையே பிடிவாதமாக விரும்புகிறார்கள். 26 அங்குலச் சக்கரத்துக்கு முன்னால் 32, பின்னால் 16, அதாவது இரண்டுக்கு ஒன்று என்று தொடங்கி, மேடு அதிகமானால் பின்பல்லைக் கூட்டுவது அவர்கள் வழக்கம். நம் ரோட்ஸ்டரைவிட அது நிரம்ப லேசான கணக்கு.

"அம்பத்தூரில் ஏது ஐயா மலை?" என்பீர்கள். உண்மை, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் அங்கே இல்லை. ஆனால் கேரியரில் இரண்டு பால் கேன் தொங்குகிறவருக்குப் பாடி மேம்பாலமே மலை. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் எதிர்காற்று கிளம்பிவிட்டால், சமதரையும் மலைதான். தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்துத் திரும்பும் கால்களுக்குக் காலையில் இருந்த பாதை மாலையில் இருப்பதில்லை.

எனக்குத் தெரிந்த சைக்கிள் கடைக்காரர் ஒருவர், பின்னால் எத்தனை பல் போடலாம் என்று கேட்பவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்பார்: "எங்கே இறங்கித் தள்ளுறீங்க, சார்?"

சாஸ்திரம் முழுவதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. வேகமாகப் போகும் இடத்தை வைத்துக் கியர் தேர்ந்தெடுத்தால், மேட்டில் முழங்கால் வட்டி கட்டும். தள்ளும் இடத்தை வைத்துத் தேர்ந்தெடுத்தால், சமதரையில் கால் கொஞ்சம் வீணாகச் சுழலும். ஐந்து நிமிஷம் தாமதமாகும். ஐந்து நிமிஷம் போனால் போகட்டும். சுமையோடு கிளம்பியவர் தம் வண்டியிலேயே வீடு வந்து சேர வேண்டும் அல்லவா?