ஏட்டின் புள்ளியும் ஒளியின் அளவும்

ஒரே சாயத்தின் சிறு புள்ளிகளை வெண்பொருளின் மீது இட்டால் அவை இருண்டு தோன்றும். கரும்பொருளின் மீது இட்டால் வெளிறித் தோன்றும். சாயம் மாறவில்லை, சூழ்ந்துள்ள நிறமே மாறிற்று. பஸ்ராவில் பிறந்து, கெய்ரோவில் ஏறத்தாழ 1040-இல் மறைந்த அறிஞர் இப்னுல் ஹைதம் அவர்கள், ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஏழு பாகப் பெருநூலில் இவ்வுண்மையை விளக்கியுள்ளார்கள். பகலில் விண்மீன்கள் தென்படாமைக்கு வானில் நிறைந்த ஒளியே காரணம் என்றும் காட்டினார்கள். கருமையும் வெண்மையும் ஒன்றையொன்று சார்ந்தே கண்ணுக்குப் புலனாகின்றன. இன்று கணிப்பொறியில் நிழற்படம் திருத்தக் கற்போர்க்கும் இதுவே முதற்பாடம்.

நம் சேலத்துச் சீமைக்கும் இக்கலைக்கும் பழந்தொடர்பு உண்டு. சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக 1856-இல் அமர்த்தப்பெற்ற காப்டன் லின்னேயஸ் டிரைப், இராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் படமெடுத்தார். அத்தொகுப்பு 1858-இல் வெளிவந்தது. அன்றைய சேலம் மாவட்டம் பரந்தது. தருமபுரி 1965-லும் நாமக்கல் 1997-லும் அதனின்று பிரிந்தன. இராயக்கோட்டை இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது.

டிரைப் கையாண்டது காகித நெகட்டிவ். அக்கால இரசாயனப் பூச்சு நீல ஒளியை மிகுதியாகவும் பச்சையைக் குறைவாகவும் ஏற்றது. ஆகவே வானம் மேகமற்று வெறுமையாயிற்று; மரங்கள் கரும்பிழம்பாயின. அவர் நெகட்டிவின் மீது சாயம் தீட்டினார். தீட்டிய இடத்தில் ஒளி குறைந்தே ஊடுருவும். அச்சில் அவ்விடம் வெளுக்கும். இவ்வாறு இலைகள் தெளிவுற்றன. வானில் மேகங்களும் தோன்றின. இலை அங்கே இருந்தது. மேகமோ தூரிகை தந்தது. முன்னது திருத்தம்; பின்னது சேர்ப்பு.

கணிப்பொறி ஒளியை எண்ணால் அளக்கிறது. வழக்கமான எட்டு பிட் படத்தில் முழுக்கருமை 0, முழுவெண்மை 255. ‘கர்வ்ஸ்’ என்னும் கருவியில் சாய்கோடு ஒன்று உண்டு. அதன் நடுவை உயர்த்தினால் இடைச்சாயல்கள் வெளுக்கும், முனைகள் அசையா. முனைகளை மிகுதியாக உள்ளே தள்ளினாலோ, மெல்லிய சாயல்கள் 0-இலும் 255-இலும் அடங்கி மறையும்.

பழுப்பேறிய அரபுத்தமிழ் ஏடொன்றின் படத்தை நான் முதன்முதல் திருத்தியபோது, தாள் பளிச்சென வெளுத்தது; மகிழ்ந்தேன். பின்னர் மூல ஏட்டோடு ஒப்பிட்டபோது, மங்கிய மை வைத்த புள்ளியொன்று மறைந்திருந்தது. வேறோரிடத்தில் கறையொன்று கறுத்துப் புள்ளியாகியிருந்தது. கீழே ஒரு புள்ளியிருந்தால் ‘பே’, மேலே இரண்டிருந்தால் ‘தே’, மூன்றிருந்தால் ‘ஸே’ என்பதை மதரஸாப் பிள்ளையும் அறியும். புள்ளி போனால் எழுத்துப் போகும். எழுத்துப் போனால் பொருளும் போகும்.

நம் இல்லங்களில் முன்னோரின் ஏடுகளும் படங்களும் பல உள. அவற்றைப் படமெடுத்துக் காக்கும் இளைஞர்கள் முதற்படத்தைத் தொடாது வைத்து, நகலிலேயே திருத்துக. கோட்டைச் சிறிது சிறிதாக அசைத்து, ஒவ்வொரு முறையும் மூலத்தோடு ஒப்பிடுக. முன்னோர் எழுதியது நம்மிடம் உள்ள அமானிதம். அதில் ஒரு புள்ளியைக் கூட்டவும் குறைக்கவும் நமக்கு உரிமையில்லை.