வார்டுக்குள் மாணவர் வந்த வரலாறு: பதுவா முதல் பால்டிமோர் வரை

மருத்துவ மாணவர்கள் துறைதுறையாக வார்டுகளில் சுற்றிப் பயிலும் முறையை வில்லியம் ஆஸ்லரின் கண்டுபிடிப்பாகச் சொல்வது வழக்கம். இது பாதி உண்மை. நோயாளியின் கட்டிலருகே பாடம் நடத்துவது அவருக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் மூத்த வழக்கம். கூடுதல் காசு கட்டியவருக்கு வாய்த்த பயிற்சியை வகுப்பு முழுவதற்கும் உரியதாக்கியதே ஆஸ்லரின் பங்களிப்பு என்பது இக்கட்டுரையின் வாதம்.

பதுவாவில் ஜொவான்னி பத்திஸ்தா தா மொந்தே 1540களிலேயே மாணவர்களை மருத்துவமனைக்குள் அழைத்துச் சென்றார். லெய்டனில் 1714 முதல் மருத்துவமனைப் பாடம் நடத்திய ஹெர்மன் போயர்ஹாவ் கையில் இருந்தவை 12 கட்டில்கள். ஆண்களுக்கு 6, பெண்களுக்கு 6. ஐரோப்பாவின் பல நாட்டு மாணவர்கள் திரண்டு வந்தது இந்தப் பன்னிரண்டைச் சுற்றித்தான். விசாரிப்பதும் சோதிப்பதும் பெரும்பாலும் ஆசிரியர் வேலை. மாணவர் நின்று கேட்டார், குறித்துக்கொண்டார்.

மாணவர் கைக்கு வேலை வந்தது லண்டன் மருத்துவமனைகளில். அங்கே மருத்துவருக்குக் குறிப்பெழுத ‘கிளார்க்’, அறுவை மருத்துவருக்குக் காயம் கட்ட ‘டிரெஸ்ஸர்’ என மாணவர்கள் அமர்த்தப்பட்டனர். கைஸ் மருத்துவமனையில் 1816இல் டிரெஸ்ஸராக இருந்தவர்களில் ஒருவர் ஜான் கீட்ஸ். பின்னாளில் மருத்துவத்தை உதறிக் கவிதைக்குப் போனவர். டிரெஸ்ஸர்கள் முறைவைத்து மருத்துவமனையிலேயே தங்கி, அவசரமாக வரும் நோயாளிகளைப் பார்த்தனர். பயிற்சி உயர்ந்ததுதான். ஆனால் அந்த இடத்துக்குச் சாதாரண மாணவரைவிட அதிகக் கட்டணம் செலுத்த வேண்டும்.

அமெரிக்காவில் நிலைமை இன்னும் மோசம். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இரண்டு பருவ விரிவுரைகளைக் கேட்டாலே பட்டம் கிடைத்தது. இரண்டாம் பருவம் பெரும்பாலும் முதல் பருவத்தின் மறுபதிப்பே. இந்தப் பின்னணியில்தான் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி 1893இல் 18 மாணவர்களோடு தொடங்கியது. அவர்களில் மூவர் பெண்கள். அங்கே மருத்துவப் பேராசிரியராக இருந்த ஆஸ்லர் மூன்றாமாண்டு மாணவரைப் புறநோயாளிப் பிரிவுக்கும் நான்காமாண்டு மாணவரை வார்டுக்கும் அனுப்பினார். ஒவ்வொருவருக்கும் சில கட்டில்கள். புது நோயாளியின் நோய் வரலாற்றைக் கேட்டு எழுதுவது, ரத்தத்தையும் சிறுநீரையும் தானே சோதிப்பது, ரவுண்ட்ஸில் பேராசிரியர் முன் கேஸை எடுத்துச் சொல்வது எல்லாம் மாணவர் பொறுப்பு. மாணவர்கள் குழுக்களாகப் பிரிந்து மருத்துவம், அறுவை, மகப்பேறு என்று மாறிமாறிச் சென்றனர். லண்டனின் கிளார்க், டிரெஸ்ஸர் வேலைகளே இங்கே பாடத்திட்டமாயின.

1910இல் வெளியான அறிக்கைக்காகக் கல்வியாளர் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 155 பள்ளிகளை ஆய்ந்து, ஹாப்கின்ஸையே அளவுகோலாக வைத்தார். பல பள்ளிகள் மூடப்பட்டன. கறுப்பின மாணவர்களுக்கான 7 பள்ளிகளில் 2 மட்டுமே தொடரத் தக்கவை என்று அவர் பரிந்துரைத்தார். வார்டு பொதுவானபோது அதற்குள் நுழையும் வாசல் குறுகிவிட்டது. ஃபிளெக்ஸ்னரைப் புகழ்பவர்கள் இதை ஓரமாகவே சொல்கிறார்கள். அதேபோல், மாணவர் பயின்ற கட்டில்களில் கிடந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள். காசு கொடுத்துத் தனியறையில் இருந்தவரை மாணவர்கள் சூழவில்லை.

சென்னையில் 1835இல் மருத்துவப் பள்ளி தொடங்கியதும் அரசுப் பொது மருத்துவமனையை ஒட்டியே. ஆயினும் எம்.பி.பி.எஸ். மாணவருக்குக் குறிப்பிட்ட நோயாளிகளை ஒப்படைத்து, சேர்க்கை முதல் டிஸ்சார்ஜ் வரை தொடரச் செய்யும் ‘கற்கும் மருத்துவர்’ முறை, இந்தியா முழுவதற்குமான பாடத்திட்டத்தில் எழுத்துவடிவில் இடம்பெற்றது 2019இல்தான்.