மாருத விமானத்தின் சுபாவம்

சித்தூர்ச் சீமை காற்றோடு நெடுநாள் உறவு பூண்ட பூமி. பஞ்சபூதத் தலங்களுள் வாயுவுக்குரியதென்று முன்னோர் வகுத்த காளத்தி, சுவர்ணமுகி ஆற்றங்கரையில், இங்கேதான் இருக்கிறது. ஆதிசேஷனும் வாயுவும் தங்கள் பலத்தைப் பரீட்சை பார்த்த போட்டியில் மேருவிலிருந்து பெயர்ந்து வந்து விழுந்த பகுதியே வேங்கடமலை என்று திருமலையின் தலபுராணம் பேசுகிறது. காளத்தியிலிருந்து புறப்பட்டு, ரேணிகுண்டா வழியே திருப்பதிக்கு வந்து, சந்திரகிரியைக் கடந்து சித்தூர் செல்லும் சாலையில், பாகாலா வட்டாரத்துக் காதங்கி என்னும் சிற்றூரில், வானவெளியின் காற்றை அளப்பதற்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. சித்தூருக்கு மேற்கே பலமனேர் மலைப்பாதையில் ஏறி, முல்பாகலையும் கோலாரையும் தாண்டினால் பெங்களூர். அங்கே உருவான ஒரு விமானத்திற்கும் காற்றின் பெயரையே சூட்டினார்கள். எச்.எஃப்.-24 என்று குறிக்கப்பட்ட அந்த ‘மாருத்’, நம் நாட்டில் உருவாகி நம் விமானப்படையில் சேர்ந்த முதல் ஜெட் போர்விமானம்.

அது இன்று எங்கும் பறப்பதில்லை. பெங்களூர் விசுவேசுவரய்யா பொருட்காட்சிசாலையிலும், ஜெர்மனியில் மியூனிக் நகரத்தை அடுத்த ஷ்லைஸ்ஹைம் விமானக் காட்சிசாலையிலும் அதன் உடலைப் பார்க்கலாம்; சுபாவத்தைப் பார்க்க இயலாது. வண்டிமாட்டின் குணம் மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருப்பவனுக்கு மட்டுமே தெரிவது போல, ஒரு விமானம் எந்த வேகத்தில் இணங்கும், எந்த வேகத்தில் முரண்டும், கோலை இழுத்தால் மூக்கை எவ்வளவு தாமதித்துத் தூக்கும் என்பதெல்லாம் கட்டுப்பாட்டுக் கோலைப் பிடித்த விமானியின் கைக்கே விளங்கும். பறக்காத விமானத்தின் அந்தக் குணத்தை மறுபடியும் அறிவதற்கு எஞ்சியிருக்கும் மார்க்கம் சிமுலேட்டர் என்னும் பாவனை யந்திரம் ஒன்றுதான். அந்த மார்க்கத்தில் நாம் இறங்க வேண்டும், அதுவும் தாமதமின்றி இறங்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலூகாக்களைப் பிரித்தெடுத்துச் சித்தூர் ஜில்லாவை அமைத்தது 1911இல். அதே ஆண்டில் பிரிட்டனில் ஜி.எச். பிரையன் என்ற கணிதப் பேராசிரியர் விமானங்களின் நிலைப்பாட்டைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் நகர்வது, மூன்று அச்சுகளைச் சுற்றித் திரும்புவது என ஆகாயத்தில் செல்லும் ஒரு திடப்பொருளுக்குள்ள ஆறு இயக்கங்களையும் அவர் சமன்பாடுகளில் கட்டிக் காட்டினார். அன்று பறந்த விமானங்கள் மரமும் துணியுமாக இருந்தன. ஆயினும் இன்று பெரும்பொருள் செலவில் விமானக் கம்பெனிகள் நிறுவும் சிமுலேட்டரானாலும், மாணவன் ஒருவன் தன் வீட்டுக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரானாலும், உள்ளே வினாடிக்குப் பல தடவை தீர்க்கப்படும் சமன்பாடுகள் அந்த வழிவந்தவையே. சமன்பாடு எல்லா விமானங்களுக்கும் பொது; அதில் இடவேண்டிய எண்கள் விமானத்துக்கு விமானம் வேறு. அந்த எண்களில்தான் சுபாவம் குடியிருக்கிறது.

அவ்வெண்களையும் அந்தக் கை உணர்வையும் சரிவர அறியாமற்போனால் நேரும் துன்பத்தை உலகம் முதல் ஜெட் பயணிகள் விமானமாகிய கோமெட்டிடம் கற்றது. 1952 அக்டோபரில் ரோமிலும் 1953 மார்ச்சில் கராச்சியிலும், ஓடுபாதையிலேயே மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தியதால் இறக்கை தூக்குவிசையை இழந்து, தரையை விட்டு எழ மாட்டாமல் கோமெட்டுகள் சேதமுற்றன. கராச்சியில் இருந்தவர் அனைவரும் மாண்டனர். 1953 மே 2ஆம் தேதி, கல்கத்தா டம்டம் நிலையத்திலிருந்து டில்லிக்குக் கிளம்பிய கோமெட் சில நிமிஷங்களில் புயல்மழையில் சிக்கி வானிலேயே சிதறி 43 பேர் உயிரிழந்தனர். பழைய விமானங்களில் காற்றின் எதிர்ப்பு கம்பிகளின் வழியாக விமானியின் கைக்கு வந்து எச்சரிக்கும். கோமெட்டிலோ திரவ அழுத்த யந்திரம் சுக்கான்களைத் தானே அசைத்ததால், புயலில் எவ்வளவு பலமாக இழுக்கிறோம் என்பதைக் கை அறியவில்லையோ என்ற சந்தேகம் அப்போது எழுந்து விவாதிக்கப்பட்டது. காற்றின் பளுவை விற்சுருள்களால் கோலில் செயற்கையாகத் திருப்பித் தரும் ஏற்பாடு ஜெட் விமானங்களில் இன்றியமையாததாயிற்று. சிமுலேட்டரில் நாம் பிடிக்கும் கோலின் கனமும் அதே வகைச் செயற்கைதான் என்பதை நினைத்துப் பார்க்கும்போது, பாவனைக்கும் மெய்க்கும் இடையிலுள்ள தூரம் நாம் எண்ணுமளவு பெரிதன்று என்று தோன்றுகிறது.

மாருத்தின் சரித்திரம் 1956இல் ஜெர்மானிய நிபுணர் குர்ட் டாங்க் பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலைக்கு வந்ததிலிருந்து தொடங்குகிறது. ஒலியின் வேகத்தைப் போல இருமடங்கில் செல்ல வல்ல விமானம் வேண்டுமென்று விமானப்படை கேட்டது. மாதிரிகளைச் சோதித்தறியும் காற்றுச் சுரங்கங்கள் அன்று நம்மிடம் போதுமானவையாக இல்லை; கணிப்பொறியோ பேச்சுக்கே இடமில்லாத காலம். அந்நிலையில் அவர்கள் செய்த காரியம் எனக்கு இன்றளவும் வியப்பூட்டுவது. கட்டப்போகும் ஜெட் விமானத்தின் முழு அளவிலேயே, இறக்கையின் வடிவும் சுக்கான்களின் அமைப்பும் மாறாமல், எஞ்சின் இல்லாத மரவிமானம் ஒன்றைச் செய்தார்கள். 1959இல் ஒரு டக்கோட்டா விமானம் அதைக் கயிற்றில் கட்டி உயரத்துக்கு இழுத்துச் சென்று விட்டுவிட, சோதனை விமானி அதைச் சறுக்கிக்கொண்டே கீழே கொண்டுவந்து இறக்கினார். அடுத்த ஆண்டுக்குள் எழுபதுக்கும் மேற்பட்ட தடவைகள் இவ்வாறு பறந்தார்கள். இறங்கும் நேரத்தில் மூக்கை எந்தக் கோணத்தில் ஏந்த வேண்டும், வேகம் குறையக் குறையச் சுக்கான் எவ்வாறு தளர்கிறது, இறக்கை மடிப்புகளைத் தாழ்த்தினால் தலை எப்பக்கம் சாய்கிறது, தூக்குவிசை அறும் முன் உடல் நடுக்கம் தந்து எச்சரிக்கிறதா என்றெல்லாம், எஞ்சின் ஓசை கேட்காத அந்த விமானத்தில் உட்கார்ந்து அறிந்துகொண்டார்கள். ஒலிவேகத்தை அண்டும்போது நேரும் மாறுதல்களை அது காட்ட முடியாது. மற்றவற்றை மெய்க்கு மெய்யாகவே காட்டியது. மாருத்தின் முதல் சிமுலேட்டர் அந்த மரவிமானமே என்று நான் கொள்கிறேன்.

1961 ஜூன் 17இல் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் ஜெட் எஞ்சின் பூட்டிய மாருத்தை முதன்முதலாகப் பறக்கவிட்டார். ஆனால் அதற்கென்று எதிர்பார்த்திருந்த வலிய ஆர்ஃபியஸ் எஞ்சின் வரவேயில்லை. அதை வளர்த்தெடுக்கும் செலவை யார் ஏற்பது என்பதில் காரியம் நின்றுபோயிற்று. பின்னெரிப்பு இல்லாத ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்கள் இரண்டைக்கொண்டே திருப்தியடைய வேண்டியதாயிற்று. இரண்டும் சேர்ந்து தரும் உந்துவிசை சுமார் 4,400 கிலோ. முழுப் பளுவேற்றிய விமானத்தின் எடை ஏறத்தாழ 10,900 கிலோ. இருமடங்கு ஒலிவேகத்துக்கென வரைந்த உடல், நேர்மட்டப் பறப்பில் ஒலிவேகத்தைத் தொடுவதற்கே சிரமப்பட்டது. எஞ்சினை மேம்படுத்தும் முயற்சியில், பின்னெரிப்புப் பொருத்திய மாருத் ஒன்றில் 1970 ஜனவரி 10ஆம் தேதி கிளம்பிய தாஸ், விபத்துக்குள்ளாகி உயிர்துறந்தார். பெங்களூரில் அவர் பெயர் தாங்கிய சாலை ஒன்று உண்டு. அதனினும் பெரிய ஞாபகச்சின்னம் அவருக்கு உரியது.

எஞ்சினால் வந்த குறையை உடலின் நற்குணம் ஓரளவு ஈடுசெய்தது. தரையோடு தரையாக விரைந்து செல்லும்போது மாருத் அசையாமல் நிற்கும், குறிவைப்பதற்கு உகந்தது என்பது அதை ஓட்டியவர்களிடையே பரவலான மதிப்பு. சுமார் 28 சதுர மீட்டர் பரப்புள்ள, நன்கு பின்வாங்கிய சிறிய இறக்கை அத்தனை பளுவையும் தாங்குவதால், வெப்பக்காற்று எழுப்பும் தள்ளல்கள் அதை அதிகம் உலுக்குவதில்லை. ராஜஸ்தான் பாலையில் 1971 போரின்போது இக்குணம் பயன்பட்டது. எஞ்சின்கள் இரண்டும் உடலின் நடுக்கோட்டை ஒட்டியே அமைந்திருந்தமையால் ஒன்று நின்றாலும் விமானம் பக்கத்தில் திரும்பிவிடாது. ஒற்றை எஞ்சினோடு திரும்பிவந்த மாருத்துகள் உண்டு. 147 மாருத்துகள் கட்டப்பட்டன. 10, 31, 220 ஆகிய எண்களுள்ள மூன்று படைப்பிரிவுகள் அவற்றை ஓட்டின.

இத்தகைய விமானத்தைச் சிமுலேட்டரில் எழுப்ப முயல்பவன் முதலில் கவனிக்க வேண்டியது உயரமும் உஷ்ணமும். பெங்களூரின் பழைய விமான நிலையம் கடல்மட்டத்துக்குச் சுமார் 890 மீட்டர் மேலே உள்ளது. 30 டிகிரி வெயிலில் அங்கே காற்றின் அடர்த்தி, கணக்கிலுள்ள திட்டக் கடல்மட்டக் காற்றைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினும் இறக்கையும் இரண்டுமே அதனால் நலிகின்றன. தாழ்ந்த ரேணிகுண்டாவிலும் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது காற்று பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் மெலிந்துவிடுகிறது. உந்துவிசை ஏற்கெனவே குறைந்த மாருத்தை அந்தக் காற்றில் ஓடவிட்டால், ஓடுபாதை நீண்டுகொண்டே போகும். விளையாட்டுக்காகச் செய்த மாதிரிகள் பலவற்றில் ஜெட் விமானம் எந்த வெயிலிலும் ஒரே சுறுசுறுப்போடு கிளம்புவதைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது. விமானத்தின் பாதிக் கதை அங்கே தொலைந்துபோகிறது.

மறுபாதி காற்றின் கொந்தளிப்பு. சிமுலேட்டர்கள் டிரைடன், வான் கார்மன் ஆகியோரின் பெயரால் வழங்கும் கணித உருக்களைக்கொண்டு குலுக்கலை உண்டாக்குகின்றன. மெய்யான காற்று எப்படிக் கொந்தளிக்கிறது என்பதை அறிவதற்குக் காதங்கிக்கே போகலாம். 1990களின் தொடக்கத்தில் நிறுவிய அங்குள்ள ரேடார், 1,024 யாகி ஆன்டெனாக்களை வயல்போலப் பரப்பி, 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளைச் செங்குத்தாகவும் சற்றுச் சாய்த்தும் வானுக்கு அனுப்புகிறது. அந்த அலையின் நீளத்தில் பாதியாகிய ஏறத்தாழ மூன்று மீட்டர் அளவுள்ள காற்றின் ஒழுங்கின்மைகளே அதை எதிரொலிக்கின்றன. ஆகவே கொந்தளிப்பே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது எனலாம். தென்மேற்குப் பருவத்தில் இந்த அட்சரேகையில் மிக உயரே கிழக்கிலிருந்து பாயும் கடுங்காற்றை, நம் வானிலை அறிஞர் பி. கோட்டீசுவரம் 1958இல் விளக்கி எழுதினார். அதன் அடியிலேயே அமைந்திருக்கிறது காதங்கி.

மரவிமானத்துக்கு நாற்பதாண்டு கழித்து, பெங்களூரிலேயே தேஜஸ் என்னும் போர்விமானம் வந்தது. தானாக நிலைக்காத அந்த விமானத்தைக் கணிப்பொறியே ஒவ்வொரு கணமும் பிடித்து நிறுத்துகிறது. 2001 ஜனவரி 4ஆம் தேதி அது முதலில் பறப்பதற்கு முன்பே விமானிகள் தரைச் சிமுலேட்டர்களில் நெடுநேரம் பழகியிருந்தார்கள். 1990களில் அமெரிக்காவில், வேறு விமானங்களின் குணத்தை நடிக்கும்படி மாற்றியமைத்த என்டி-33, எஃப்-16 ஜெட்டுகளில் தேஜஸின் கட்டுப்பாட்டு விதிகளைப் பறந்தே சோதித்தார்கள். 1998 அணுச்சோதனைக்குப்பின் அந்த வாசல் மூடியது. நம்மவர்கள் இங்கேயே எஞ்சியதை முடித்தார்கள். மரவிமானத்தில் கற்ற பொறுமை வீண்போகவில்லை என்றே இதை நான் கருதுகிறேன்.

மாருத்தை ஓட்டியவர்கள் முதுமை எய்திவிட்டார்கள். ஒரு விமானம் விமானிக்கு எவ்வளவு எளிதாக அடங்குகிறது என்று ஒன்று முதல் பத்து வரை மதிப்பிடும் கூப்பர்–ஹார்ப்பர் அளவுகோல் 1969 முதல் வழக்கில் இருக்கிறது. அவர்களைச் சிமுலேட்டரில் அமரச் செய்து, மூக்கு இங்கே இதைவிட முன்னதாகத் தாழும், கோல் இங்கே இன்னும் கனக்கும் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எண்களைத் திருத்திக்கொள்ளலாம். திருப்பதியில் 1954 முதல் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும் 2015 முதல் ஐ.ஐ.டி.யும் உள்ளன, அருகே காதங்கியின் காற்றளவுகள் உள்ளன, பெங்களூரோ ஒருநாள் பிரயாணத்துக்குள் அடங்குவது. முதலில் வேண்டுவன 1959, 1960ஆம் ஆண்டுகளின் மரவிமானப் பறப்புக் குறிப்பேடுகள். குறைந்த வேகத்தில் மாருத்தின் எண்களை எஞ்சினின் கலப்பில்லாமல் தருபவை அவைதாம். ஆராய்வோர் கைக்கு அவை எட்டுமாறு செய்தால் அங்கிருந்தே வேலையைத் தொடங்கலாம்.