சம்பாத்தியத்தைச் சமூகத்திற்களித்த நடிகர் மைக்கேல் ஷீன்

வேல்ஸைச் சேர்ந்த நடிகரும் சமூகச் செயற்பாட்டாளருமான மைக்கேல் ஷீன், 1969 பெப்ரவரி 5 ஆம் திகதி நியூபோர்ட்டில் பிறந்து, உருக்காலை நகரான போர்ட் டல்போட்டில் வளர்ந்தவர். லண்டனில் நாடகக்கலை பயின்று மேடையேறிய அவர், 'த குயீன்' (2006) திரைப்படத்தில் பிரதமர் ரொனி பிளேயராகவும், 'புரொஸ்ட்/நிக்சன்' (2008) படத்தில் தொலைக்காட்சியாளர் டேவிட் புரொஸ்டாகவும் நடித்து உலகப்புகழ் பெற்றார்.

2011 உயிர்த்த ஞாயிறு காலத்தில், போர்ட் டல்போட் தெருக்களையே அரங்காக்கி, நகர மக்களுடன் இணைந்து மூன்று நாட்கள் திருப்பாடுகளின் நாடகத்தை நடத்தினார். அவ்வேளை அம்மக்களின் வாழ்வை நெருங்கி அறிந்தமையே அவரது பாதையை மாற்றியது.

2009 இல் கிடைத்த பிரித்தானிய அரச விருதை, வேல்ஸின் வரலாறு குறித்த உரையொன்றுக்கு ஆயத்தமானபோது ஏற்பட்ட மனமாற்றத்தால் 2017 இல் திருப்பியளித்தார். 2019 இல் கார்டிஃபில் நடைபெறவிருந்த வீடற்றோருக்கான உலகக்கிண்ண உதைபந்தாட்டப் போட்டி நிதியின்றித் தத்தளித்தபோது, தமது வீடுகளை விற்று அதனை நடத்துவித்தார். 2021 இல், இலாபநோக்கற்ற நடிகராகவே இனித் தொழிற்படுவதாக அறிவித்தார்.

அறவிடுவது கடினமெனக் கருதப்படும் கடன்களை நிறுவனங்கள் மிகக்குறைந்த விலைக்குக் கைமாற்றுவதுண்டு. அவ்வழியிலேயே ஒரு இலட்சம் பவுண் செலுத்தி, தென்வேல்ஸில் சுமார் 900 பேரின் பத்து இலட்சம் பவுண் கடனை வாங்கி இரத்துச் செய்தார். இது 2025 இல் தொலைக்காட்சி ஆவணப்படமாக வெளிவந்தது. வறியவரின் கடன் எத்துணை மலிவாக விலைபோகிறது என்பதைப் பகிரங்கப்படுத்தியதே, அக்கொடையிலும் பெரிய பணியாகும்.