தூக்கணாங்குருவி

தூக்கணாங்குருவி என்பது தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் காணப்படும், கூடு பின்னும் சிறு பறவையினம் ஆகும். மரக்கிளை, ஓலை, நாணல் போன்றவற்றைக் கால்விரல்களால் பற்றி அமரும் பேசரின் பறவைகளுள் இதுவும் ஒன்று. சுரைக்குடுக்கை போன்ற வடிவில், நீண்ட நுழைகுழலுடன் தொங்கும் கூட்டினால் இது பெரிதும் அறியப்படுகிறது. இந்தியில் இது பயா எனப்படுகிறது.

அறிவியல் வகைப்பாடு
வகுப்பு: பறவைகள்
வரிசை: பேசரிபார்மசு
குடும்பம்: பிளோசீடே
பேரினம்: பிளோசியசு
இனம்: பிளோசியசு பிலிப்பைனசு

பெயர்

மரத்தில் தொங்கும் கூடு கட்டுவதால் தூக்கணாங்குருவி எனப் பெயர் பெற்றது. சங்க நூல்களில் தூக்கணங் குரீஇ, தூங்கணங் குரீஇ என்னும் வடிவங்கள் காணப்படுகின்றன. இவ்வினத்திற்கு 1766-இல் லின்னேயசு அறிவியற்பெயர் இட்டார். அப்பெயர் பிலிப்பைன்சு நாட்டைக் குறித்தாலும் இப்பறவை அந்நாட்டுக்கு உரியதன்று. பிறப்பிடம் பற்றிய பிழையான செய்தியால் அப்பெயர் அமைந்தது.

தோற்றம்

தூக்கணாங்குருவி ஏறத்தாழ 15 செ.மீ. நீளமுடையது, சிட்டுக்குருவியை ஒத்த அளவினது. தடித்த கூம்பு வடிவ அலகும் குட்டையான வாலும் கொண்டது. இனப்பெருக்கக் காலம் அல்லாத மாதங்களில் ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே மங்கிய பழுப்பு நிறத்தில், முதுகில் கருங்கோடுகளுடன் காணப்படும். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் உச்சந்தலை பளிச்சென்ற மஞ்சளாகவும், முகமும் தொண்டையும் கரும்பழுப்பாகவும் மாறும். மார்பும் மஞ்சள் நிறம் பெறும்.

பரவலும் வாழிடமும்

பாக்கித்தான், இந்தியா, இலங்கை, நேபாளம், வங்காளதேசம், மியான்மர், தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளில் இவ்வினம் வாழ்கிறது. தென்மேற்கு இந்தியாவில் காணப்படுவது திருவிதாங்கூர்த் துணையினம் எனத் தனியே பிரிக்கப்பட்டுள்ளது.

அடர்ந்த காடுகளை இப்பறவை தவிர்க்கிறது. புல்வெளி, வயல்வெளி, ஆங்காங்கே மரங்கள் நிற்கும் புதர்நிலம், ஏரி, குளக்கரை ஆகியன இதன் வாழிடங்கள். ஓரிடத்தில் இது கூடு கட்டுவதற்குக் கூடு தொங்குவதற்கேற்ற மரம், நார் கிழிப்பதற்கு நீண்ட தாள்களையுடைய புல் அல்லது நெல், குஞ்சுகளுக்குத் தேவையான பூச்சிகள் ஆகியவை அருகருகே இருத்தல் வேண்டும். பனை, தென்னை, ஈச்சை, முள்ளுடைய வேலமரம் ஆகியவற்றில் கூடுகள் மிகுதியாகக் காணப்படும். கிணற்றின் மேலும் குளத்தின் மேலும் சாய்ந்த கிளைகளையும் இவை நாடுகின்றன. மியான்மரில் கூரை வீடுகளின் இறவாரங்களிலும் கூடுகள் கட்டப்படுவதுண்டு.

உணவு

புல்விதைகளும் தானியங்களும் முதன்மை உணவாகும். கூட்டமாக வயல்களில் இறங்கி, அறுவடைக்குப்பின் சிதறிக்கிடக்கும் மணிகளைப் பொறுக்கும். முற்றும் நெற்கதிர்களையும் உண்பதால் சில இடங்களில் உழவர்கள் இதனைப் பயிருக்குக் கேடாகக் கருதுகின்றனர். எனினும் பூச்சிகளையும் உண்கிறது; குஞ்சுகளுக்கும் பூச்சிகளைப் பிடித்து ஊட்டுகிறது.

கூடு

கூட்டினைப் பின்னுவது ஆண் பறவையே. தாளின் ஓரத்தை அலகால் சற்றே வெட்டி, அம்முனையைக் கவ்விக்கொண்டு பறக்கையில் நீண்ட நார் கிழிந்து வரும். இவ்வாறு நூற்றுக்கணக்கான முறை சென்று நார் கொணர்கிறது. முதலில் ஓலை அல்லது கிளையின் நுனியில் நார்களை இறுக முடிந்து, பின் வளையமும் கூரையும் அமைக்கிறது. தலைக்கவசம் போன்ற இந்த அரைக்கூட்டு நிலையில் ஆண் சிறகடித்து ஒலியெழுப்பிப் பெண்ணை அழைக்கும். பெண் கூட்டினைச் சோதித்து ஏற்றுக்கொண்டால் முட்டையறையும் கீழ்நோக்கிய நுழைகுழலும் கட்டி முடிக்கப்படும். ஏற்கப்படாத கூடுகள் பெரும்பாலும் அரைகுறையாகவே விடப்படும். முழுக்கூட்டிற்கு ஏறத்தாழ 18 நாட்கள் ஆகும்.

கீழ்நோக்கிய குழல் பாம்பும் காகமும் எளிதில் உட்புகாதவாறு தடுக்கிறது. கூட்டின் உட்புறத்தில் ஈரக் களிமண் அப்பப்படுகிறது. இம்மண்ணில் மின்மினியைப் பதித்துக் கூட்டிற்கு விளக்கேற்றும் என்பது பரவலான நம்பிக்கை. அதற்குச் சான்று இல்லை. காற்றில் கூடு மிகுதியாக ஆடாமலிருக்க மண் உதவுகிறது என்று கருதப்படுகிறது.

இனப்பெருக்கம்

மழைக்காலமே இனப்பெருக்கக் காலம். அப்போது தாள்கள் நீண்டு வளர்ந்தும் பூச்சிகள் பெருகியும் இருக்கும். கூடுகள் கூட்டங்கூட்டமாக அமையும். பெண் 2 முதல் 4 வெண்ணிற முட்டைகளை இட்டு, தானே அடைகாக்கிறது. 14 முதல் 17 நாட்களில் குஞ்சுகள் பொரிக்கும். ஏறத்தாழ அதேயளவு நாட்களில் அவை கூட்டை விட்டு வெளியேறும்.

மகாராட்டிரத்தின் அலிபாக் அருகேயுள்ள கிகிம் என்னும் கடற்கரை ஊரில் பறவையியலாளர் சலீம் அலி 1930-இல் இவற்றை உற்றுநோக்கினார். ஒரு பெண் முட்டையிட்டதும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி வேறு பெண்ணை அழைக்கிறது என்பதை அவர் விளக்கினார்.

கைவிடப்பட்ட கூடுகளைச் சில்லைகளும் எலிகளும் பயன்படுத்துவதுண்டு.

இலக்கியத்தில்

குறுந்தொகையின் 374-ஆம் பாடலில் உறையூர்ப் பல்காயனார், உயர்ந்த பனையில் இப்பறவை பின்னிய கூட்டினும் மிகுதியாக மயங்கிக் கிடந்த ஊரைக் குறிப்பிடுகிறார். புறநானூற்றின் 225-ஆம் பாடலில் ஆலத்தூர் கிழார், தொங்கவிடப்பட்ட வலம்புரிச் சங்கினை இதன் கூட்டிற்கு ஒப்பிடுகிறார். மழையில் நனைந்த குரங்கிற்கு அறிவுரை கூறித் தன் கூட்டை இழந்த தூக்கணாங்குருவியின் கதை விவேக சிந்தாமணியில் இடம்பெற்றுள்ளது.

காப்பு நிலை

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனைத் தீவாய்ப்பு கவலை குறைந்த இனமாக வகைப்படுத்தியுள்ளது. பரந்த நிலப்பகுதியில் வாழ்வதே இதற்குக் காரணம். ஆயினும் ஓர் ஊரின் கூட்டத்தைப் பொறுத்தவரை நிலை வேறு. பனைகள் வெட்டப்படும்போதும், பாசனக் கிணறுகள் தூர்க்கப்படும்போதும், வயல்கள் மனைகளாகும்போதும் கூடு கட்டும் இடமும் நாரும் உணவும் ஒருங்கே மறைகின்றன. இவற்றுள் ஒன்று இல்லாது போயினும் அவ்விடத்தில் கூடமைத்தல் நின்றுபோகலாம். முட்டையும் குஞ்சும் இருக்கும் காலத்தில் அழகுப்பொருளுக்காகக் கூடுகளைப் பறிப்பதும் ஊறு விளைவிக்கிறது.

தமிழ்நாட்டில் பனை மாநில மரமாகும். பனைகளை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் எனத் தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்தது. குறுந்தொகைப் பாடலில் இப்பறவை கூடு கட்டிய மரமும் பனையே என்பது குறிப்பிடத்தக்கது.