மர மட்கார்டு

சக்கரம் வாரியடிக்கும் சேற்றையும் தண்ணீரையும் தடுக்க, மெல்லிய மரத்தகட்டை டயரின் வளைவுக்கேற்ப வளைத்துச் சைக்கிளில் பொருத்துவது மர மட்கார்டு. இன்று இதை அலங்காரமாகவே பலர் பார்க்கிறார்கள். ஆனால் தேவைக்காகப் பிறந்த பொருள் இது.

சைக்கிளின் மூதாதையே மரவண்டிதான். 1817-ல் ஜெர்மனியின் மன்ஹைமில் கார்ல் வான் டிரைஸ் ஓட்டிக்காட்டிய, பெடல் இல்லாத வண்டியின் சட்டமும் சக்கரங்களும் மரத்தால் ஆனவை. ஸ்டார்லியின் ரோவர் சைக்கிளும் (1885) டன்லப்பின் காற்றடைத்த டயரும் (1888) வந்தபின், 1890களில் அமெரிக்கப் பெண்கள் பெருமளவில் சைக்கிள் ஓட்டத் தொடங்கினர். அவர்களது நீண்ட பாவாடை சங்கிலியிலும் ஸ்போக்ஸிலும் சிக்கியது. எனவே பெண்கள் சைக்கிள்களில் மர மட்கார்டும், சங்கிலிக்கு மர உறையும் பொருத்தினார்கள். பின் மட்கார்டின் ஓரங்களில் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். அவற்றில் கயிறு கோத்துச் சக்கரத்தின் நடு அச்சுப் பக்கமாக இழுத்துக் கட்டினால், ஸ்போக்ஸை மறைக்கும் வலை தயார். எடை குறைவு, துளையிடுவது எளிது. மரத்தைத் தேர்ந்ததற்கு இவையே போதும். அக்காலத்தில் ரிம்களையும் மரத்தில் செய்ததால், வளைக்கும் கைத்திறனுக்கும் குறைவில்லை.

அச்சில் அழுத்தி மலிவாகச் செய்த இரும்புத் தகடும், பிரிட்டனில் புளூமெல்ஸ் போன்ற நிறுவனங்களின் செல்லுலாய்டும் பின்னர் மரத்தின் இடத்தைப் பிடித்தன.

மட்கார்டு இல்லாமலே பல புதிய சைக்கிள்கள் விற்பனைக்கு வரும் இக்காலத்தில், மரம் வீட்டுப் பட்டறைகள் வழியே திரும்பியிருக்கிறது. தடித்த ஒற்றைப் பலகையை நீராவியில் வேகவைத்து வளைப்பது பழைய முறை. இப்போது ஆஷ், மேப்பிள், வால்நட் போன்ற மரங்களின் மெல்லிய வெனீர் தகடுகளை, நார் நீளவாக்கில் ஓடும்படி அடுக்கி, நீர்புகாப் பசை தடவி, வளைந்த அச்சின்மேல் கிளாம்ப் போட்டு இறுக்குகிறார்கள். கிளாம்பைக் கழற்றியதும் மரம் சற்றே நிமிரும். அதனால் அச்சின் வளைவைத் தேவைக்கு மேல் கொஞ்சம் கூட்டியே வைக்க வேண்டும். கவனம் மிகவும் தேவைப்படும் கட்டம் இதுதான். பசை காய்ந்தபின் ஓரங்களை இழைத்து, உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் பூசுவார்கள். வெட்டுமுனைகளும் திருகுத் துளைகளும்தான் முதலில் தண்ணீரைக் குடிக்கும். அங்கே வார்னிஷ் இரண்டு மூன்று பூச்சு கூடுதலாக வேண்டும். அதைத் தவறவிட்டால் சில மழைக்காலங்களிலேயே அடுக்குகள் பிரிந்துவிடும்.