சீனன்குடா ஆலையும் சீனி வருத்தமும்

தாய்க்கும் மகனுக்கும் சீனி வருத்தம் என்றால் ‘அது பரம்பரை’ என்று சொல்லி அடங்கிவிடுகிறோம். திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு அந்த விடையோடு நிற்கவிடாது. 1942 மார்ச்சில் ரங்கூன் யப்பானியரிடம் வீழ்ந்தது. பர்மா அரிசியை நம்பியிருந்த இலங்கைக்கு வரத்து நின்றது. மறுமாதம் 9ஆம் திகதி திருகோணமலையிலேயே குண்டு விழுந்தது. அந்த ஆண்டின் பங்கீட்டோடு கோதுமை மா அரிசிக்கு மாற்றாக வீடுகளுக்குள் வந்தது. யுத்தம் முடிந்தும் பாண் போகவில்லை. 1977இல் அரசு மா ஆலைக்காகச் சிங்கப்பூரின் பிரீமா நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்தது. 1980இல் திருகோணமலையின் சீனன்குடாவில் அந்த ஆலை மா அரைக்கத் தொடங்கியது. 2005-06இல் நடந்த ஆய்வு, நாட்டில் வளர்ந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு என்றது. 2018-19இன் ஆய்வு நூற்றுக்கு 23 என்றது. ஆய்வு முறைகள் வேறானாலும் ஏற்றம் பெரிது. இவ்வளவு குறுகிய காலத்தில் எந்தச் சமூகத்தின் பரம்பரையலகுகளும் மாறிவிடுவதில்லை. மாறக்கூடியது அவை வேலை செய்யும் விதம்.

ஆலை மீது பழியைப் போடுவதும் தவறு. சோறும் மாப்பொருள்தான், உடலுழைப்புக் குறைந்தது, ஆயுள் கூடியது, சீனியும் எண்ணெயும் மலிந்தன. இவையெல்லாம் சேர்ந்து இன்சுலினைச் சுரக்கும் சதையியின் பீற்றா கலங்களுக்கே சுமையாகின்றன. உடலின் ஏறக்குறைய எல்லாக் கலங்களிலும் ஒரே பரம்பரையலகுகளே இருக்கின்றன. பீடிஎக்ஸ்1, எம்ஏஎஃப்ஏ, என்கேஎக்ஸ்6.1 போன்ற புரதங்கள் இன்சுலினுக்கான அலகை இயங்க வைத்து, வேண்டாதவற்றை அடக்கி வைப்பதாலேயே பீற்றா கலம் பீற்றா கலமாக நிலைக்கிறது. இரத்தத்தில் குளுக்கோசு நெடுநாள் உயர்ந்திருந்தால் இந்தப் புரதங்கள் தளர்கின்றன, இன்சுலின் குறைகிறது, குளுக்கோசு இன்னும் ஏறுகிறது. கலம் சாகாமலே தன் அடையாளத்தை இழக்கலாம் என்பதை நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டொமெனிக்கோ அச்சிலி குழுவினர் 2012இல் எலிகளில் காட்டினர். 2014இல் வேறொரு குழு, எலிகளுக்கு இன்சுலின் கொடுத்துக் குளுக்கோசை அடக்கியபோது அத்தகைய கலங்கள் பழைய வேலைக்குத் திரும்பியதைக் கண்டது.

அப்படியானால் குடும்பம் குடும்பமாக ஏன் வருகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டாம் வகை நீரிழிவோடு தொடர்புடையவையாகக் கண்டறியப்பட்ட மரபு வேறுபாடுகளில் பெரும்பாலானவை புரதத்தை எழுதும் பகுதிகளில் இல்லை. அலகுகளை எப்போது, எவ்வளவு இயக்குவது என்று கட்டுப்படுத்தும் பகுதிகளிலேயே கிடக்கின்றன. பரம்பரையாக வருவது நோயன்று, கட்டுப்பாட்டின் பலவீனம். எலிக்குப் பொருந்துவது மனிதருக்குப் பொருந்துமா என்பது அடுத்த தடை. நீரிழிவாளரின் சதையிகளிலும் அடையாளம் மங்கிய கலங்கள் காணப்பட்டுள்ளன; எத்தனை கலங்கள் மங்கின, எத்தனை இறந்தன என்பதில் அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆனால் 2017இல் வெளியான பிரித்தானிய டைரக்ட் ஆய்வில், நோய் தெரிந்து ஆறு ஆண்டுகளுக்குள் எடை குறைக்கும் உணவுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்களில் 46 வீதமானோர் ஓராண்டு முடிவில் மருந்தில்லாமல் நீரிழிவின் எல்லைக்குக் கீழே இருந்தார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த வாய்ப்புக் குறைகிறது. ஆகவே மூதூரிலும் கிண்ணியாவிலும் திருகோணமலை நகரிலும், பெற்றோருக்குச் சீனி வருத்தம் உள்ள இளையவர்கள் தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே இரத்தத்தைச் சோதியுங்கள். வைத்தியர் தொடக்கத்திலேயே இன்சுலின் எழுதினால் அஞ்சி மறுக்காதீர்கள்.